சான்றிதழில் எழும்பும் வீடுகள்

வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை 2024 ஜூலை 30-ஆம் தேதி அதிகாலையில் நிலச்சரிவு மண்ணோடு மண்ணாக்கியது. அங்கு மறுவாழ்வுப் பணிகளை மேற்கொள்வதற்கென, 50 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்தத்தக்க வட்டியில்லாக் கடனாக ரூ.529.50 கோடியை மத்திய அரசு 2025 பிப்ரவரியில் அனுமதித்தது. 16 திட்டங்களுக்கான அந்தத் தொகை முழுவதையும் மார்ச் 31-ஆம் தேதிக்குள் செலவிட்டு முடித்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. அதாவது, ஏறத்தாழ ஒன்றரை மாதத்துக்குள்! பேரிடர் நிகழ்ந்து ஆறு மாதங்களுக்கு மேலாகியும் வராத பணம், வந்தவுடன் ஆறு வாரங்களில் தீர்ந்துவிட வேண்டுமாம். விவகாரம் கேரள உயர் நீதிமன்றத்தில் எழுப்பப்பட்ட பின்னரே அந்தக் கெடு நீட்டிக்கப்பட்டது.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்பது நம் முன்னோர் வாக்கு. கையில் சேமிப்பும், சொந்த மனையும், உதவிக்கு உறவினரும் இருக்கும் குடும்பமே ஒரு வீட்டைக் கட்டி முடிக்க ஓராண்டு அல்லாடுகிறது. மனைவி மக்களையும், மனையையும் ஒருசேர இழந்து நிற்கும் மனிதனுக்கு வீடு கட்டித்தரும் பணியை நிதியாண்டின் கடைசித் தேதியோடு முடிச்சுப் போடுவது எந்த வகையில் நியாயம்?

இந்தக் கேள்விக்கு தில்லியின் அமைச்சகங்களில் ஒரு பதில் தயாராக இருக்கிறது. மாநிலங்கள் பேரிடரைக் காட்டிப் பணம் பெறுகின்றன, பின்னர் அதனை வேறு கணக்குகளுக்குத் திருப்பிவிடுகின்றன, எனவே கெடுவும் கண்காணிப்பும் இன்றியமையாதவை என்பதே அந்தப் பதில். இதில் உண்மை இல்லாமலில்லை. மாநிலப் பேரிடர் நிதியில் எவ்வளவு இருப்பு உள்ளது, அதில் எவ்வளவு ஏற்கெனவே வேறு பணிகளுக்கு உறுதியளிக்கப்பட்டது என்பதைத் தெளிவுபடக் கூற இயலாமல், 2024 டிசம்பரில் அதே உயர் நீதிமன்றத்தின் கண்டனத்துக்கு ஆளானது கேரள அரசு. ஆக, கொடுப்பவர் காலத்தைக் கணக்கிடுகிறார், பெறுபவர் கணக்கையே வைத்திருப்பதில்லை. இருவருக்கும் இடையே, கூரையில்லாத குடும்பம் மாதம் ரூ.6,000 வாடகை உதவியை எதிர்நோக்கி, யாரோ ஒருவருடைய வீட்டில் காத்திருக்க நேர்ந்தது.

பேரிடர்க் கால வீட்டுவசதித் திட்டங்களின் மீதான அரசின் கண்காணிப்பு எதைக் கண்காணிக்கிறது என்பதைச் சற்றே ஆராய்ந்தால், அது பணம் கருவூலத்திலிருந்து வெளியேறுவதைத்தான் கண்காணிக்கிறது என்பது புலப்படும். மாவட்ட நிர்வாகம் செலவிட்டதாகப் பயன்பாட்டுச் சான்றிதழ் அளிக்கிறது. மாநில அரசு அதனைத் தொகுத்து மத்திய அரசுக்கு அனுப்புகிறது. அதன் பேரில் அடுத்த தவணை விடுவிக்கப்படுகிறது. வீடு எழும்பியதா, எழும்பிய வீட்டில் உரியவர் குடியிருக்கிறாரா, பட்டியலில் இருந்திருக்க வேண்டிய யாரேனும் விடுபட்டனரா என்ற வினாக்களுக்கு அந்தச் சான்றிதழில் இடமே இல்லை.

இதற்கு மாறான வழி இந்த நாட்டிலேயே நடைமுறைப்படுத்தப்பட்டிருக்கிறது. 2001 ஜனவரி 26-ஆம் தேதி, நாடு குடியரசு தினத்தைக் கொண்டாடிக் கொண்டிருந்த வேளையில், கட்ச் பகுதியைப் புரட்டிப்போட்ட நிலநடுக்கத்தில் சுமார் 13,800 பேர் உயிரிழந்தனர். இடிந்தும் விரிசலுற்றும் சேதமடைந்த வீடுகள் ஏறத்தாழ 12 லட்சம். சில நாள்களிலேயே குஜராத் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்கப்பட்டது. எட்டு ஆண்டுகளுக்கு முன்னர் மகாராஷ்டிரத்தின் லாத்தூர் நிலநடுக்கத்துக்குப் பின், 52 கிராமங்களை முற்றாக இடம்பெயர்த்துப் புதிய குடியிருப்புகள் கட்டப்பட்டன. ஊரை விட்டுப் பெயர்த்தெடுத்துக் கட்டுவதால் விளையும் சிக்கல்களை அந்த அனுபவம் உணர்த்தியிருந்தது. குஜராத்திலும் அத்தகைய இடப்பெயர்ப்பு முதலில் பேசப்பட்டது. பெரும்பாலான கிராமங்கள் அதனை ஏற்க மறுத்துவிட்டன. எங்கள் வீட்டை எங்கள் மண்ணில் நாங்களே கட்டிக்கொள்கிறோம், பணத்தை மட்டும் கொடுங்கள் என்பதே அவர்களது நிலை.

அரசு அதற்கு இணங்கியது. ஆனால், பணத்தை வீசிவிட்டு ஒதுங்கிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வீட்டின் சேதமும் ஜி-1 முதல் ஜி-5 வரை ஐந்து தரங்களாகப் பிரித்து மதிப்பிடப்பட்டது. முற்றிலும் இடிந்தவற்றுக்கான உதவி 40, 40, 20 விழுக்காடு என மூன்று தவணைகளாக வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டது. அடித்தளம் எழும்பியபின் ஒரு பொறியாளர் நேரில் வந்து பார்ப்பார். நிலநடுக்கத்தைத் தாங்கும் வகையில் கம்பி வைக்கப்பட்டிருக்கிறதா, லிண்டல் மட்டத்தில் கான்கிரீட் பட்டை ஓடுகிறதா என்பதைச் சரிபார்த்து அவர் சான்றளித்தால்தான் அடுத்த தவணை. குறை இருந்தால் அதை எவ்வாறு திருத்துவது என்று கொத்தனாருக்கு அங்கேயே சொல்லிக்கொடுக்கப்படும். இதற்கென ஆயிரக்கணக்கான கொத்தனார்களுக்கும் பொறியாளர்களுக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. அந்தப் பொறியாளர்கள் சரியாகச் சான்றளிக்கின்றனரா என்பதை, சிமென்ட் மற்றும் கட்டுமானப் பொருள்களுக்கான தேசிய கவுன்சில் வெளியிலிருந்து வந்து தணிக்கை செய்தது. கண்காணிப்பவரையும் கண்காணிக்க ஒருவர் இருந்தார் என்பதுதான் இதன் சிறப்பு.

இந்த ஏற்பாடு முழுக்க முழுக்க அரசின் நல்லெண்ணத்தால் பிறந்தது என்று கருதிவிட வேண்டாம். உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் கடன் கொடுத்திருந்தன; கடன் கொடுத்தவர்கள் கணக்குக் கேட்டனர். அந்நிய வங்கி கேட்கும்போது கட்டடத்தின் தரம் குறித்த அறிக்கை கிடைக்கிறது, சொந்தக் குடிமகன் கேட்கும்போது கிடைப்பதில்லை என்பது நம் நிர்வாகத்தைப் பற்றிச் சங்கடமான ஓர் உண்மையைச் சொல்கிறது. எவ்வாறாயினும், அந்தப் பணிக்காக 2003-இல் ஐக்கிய நாடுகள் சபையின் சசகாவா விருது குஜராத் ஆணையத்துக்கு வழங்கப்பட்டது. 2013 ஜூன் வெள்ளத்துக்குப் பின் உத்தரகண்டில் வீடொன்றுக்கு ரூ.5 லட்சம் வீதம் தவணைகளில் வழங்கப்பட்டு, உரிமையாளர்களே கட்டிக்கொண்டபோதும் பின்பற்றப்பட்டது இதே பாதைதான்.

குஜராத்தின் முன்மாதிரியிலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. புஜ் நகரில் இடிந்த வீடுகளின் உரிமையாளர்களுக்கு உதவி கிடைத்தது. அவற்றில் வாடகைக்குக் குடியிருந்தவர்களின் நிலை? அவர்களது பெயரில் பட்டா இல்லை, பத்திரம் இல்லை. எனவே, அவர்கள் எதையும் இழக்கவில்லை என்று ஆகிவிட்டது. பலர் ஆண்டுக்கணக்கில் தற்காலிகக் குடியிருப்புகளிலேயே காலம் தள்ளினர். 2008 ஆகஸ்ட் 18-ஆம் தேதி குசஹா என்னுமிடத்தில் கரை உடைந்து, கோசி நதி திசைமாறிப் பிகாரின் வடகிழக்கு மாவட்டங்களில் பாய்ந்தபோதும் இதே கதைதான். வீடு கட்ட உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. நிலமற்ற விவசாயக் கூலிகளோ, அந்தத் தொகையைக் கொண்டு எந்த மண்ணில் கட்டுவது என்று திகைத்து நின்றனர்.

கணக்குப்படி எல்லாம் சரியாக முடிந்தும் திட்டம் தோற்றுப்போவதற்கு அந்தமான்-நிகோபார் தீவுகளைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் அங்குள்ள மக்கள் முதலில் தகரக் கொட்டகைகளில் வைக்கப்பட்டனர். நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள தீவுகளில், தென்னோலைக் கூரைக்குக் கீழ் வாழ்ந்து பழகியவர்களுக்குத் தகரம்! நிரந்தர வீடுகளுக்கான இரும்பும் பலகையும் பெருநிலத்திலிருந்து கப்பலில் போய்ச் சேர வேண்டியிருந்ததால், ஏறத்தாழ பத்தாயிரம் வீடுகள் கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. பின்னர் அவை எண்ணப்பட்டன, ஒப்படைக்கப்பட்டன, கோப்பு மூடப்பட்டது. ஆனால், நிகோபாரி மக்களின் வாழ்க்கை 'துஹெட்' எனப்படும் பெருங்குடும்ப அமைப்பைச் சார்ந்தது. நிலமும் தோப்பும் பன்றிகளும் அந்தப் பெருங்குடும்பத்துக்கே பொதுவானவை. கணவன், மனைவி, குழந்தைகள் என்று தனித்தனியே பிரித்து வரிசையாக வீடு ஒதுக்கியபோது, ஆழிப்பேரலை விட்டுவைத்த கட்டமைப்பை அரசின் ஒதுக்கீட்டுப் பட்டியல் கலைத்துப்போட்டது. எந்தத் தணிக்கை அறிக்கையின் எந்தப் பத்தியில் இந்த இழப்பைக் குறிப்பது?

தமிழகக் கடற்கரைக்கும் இதில் பட்டறிவு உண்டு. 2005-இல் ஒரு வீட்டுக்குச் சுமார் ரூ.1.50 லட்சம் என்ற அளவில் தொண்டு நிறுவனங்களைக் கூட்டாளிகளாக்கி மேற்கொள்ளப்பட்ட பணி, விரைவுக்காகப் பாராட்டப்பட்டது. அது தகுதியான பாராட்டே. அதேசமயம், சென்னையில் தங்கள் கரையிலிருந்து வெகுதொலைவில் செம்மஞ்சேரிக்குக் கொண்டு செல்லப்பட்ட மீனவக் குடும்பங்கள், வலையையும் படகையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்ததையும் நாம் பார்த்திருக்கிறோம்.

இனி, உதவித்தொகையின் அளவுக்கு வருவோம். முற்றிலும் இடிந்த வீட்டுக்கு மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து வழங்க, 2022-23 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு மத்திய உள்துறை அமைச்சகம் நிர்ணயித்த தொகை சமவெளியில் ரூ.1.20 லட்சம், மலைப்பகுதியில் ரூ.1.30 லட்சம். அதற்கு முன்னர் இது ரூ.95,100 மற்றும் ரூ.1,01,900 ஆக இருந்தது. 2016-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் கிராமப்புற வீட்டுவசதித் திட்டத்தில் நிர்ணயிக்கப்பட்டதும் அதே ரூ.1.20 லட்சமும், ரூ.1.30 லட்சமும்தான். சிமென்ட், கம்பி, மணல் விலையும் கொத்தனார் கூலியும் அந்த ஆண்டோடு நின்றுவிட்டனவா என்ன? கல்பற்றா அருகே எல்ஸ்டன் தோட்டத்தில் வயநாட்டு மக்களுக்கென ஆயிரம் சதுர அடியில் வீடுகள் கட்டத் திட்டமிட்ட கேரள அரசு, நன்கொடையாளர்களிடம் ஒரு வீட்டுக்கு ரூ.20 லட்சம் கோரியது. ஒன்று யானைப் பசிக்குச் சோளப்பொரி. மற்றொன்று, நாடே பார்த்துக் கண்ணீர் விட்ட பேரிடர் என்பதால் சாத்தியமானது. பெயர் தெரியாத ஒரு பிகார் கிராமத்தில் ஆற்றில் கரைந்துபோகும் குடிசைக்கு நன்கொடையாளர் எவரும் வரப்போவதில்லை. அதற்கு அரசின் பணமும், அரசின் பட்டியலும் மட்டுமே கதி.

அந்தப் பட்டியலைத் தயாரிப்பவர் யார்? குஜராத்தில் தலாட்டி, உத்தரகண்டில் பட்வாரி, பிகாரில் கர்மசாரி, கேரளத்தில் வில்லேஜ் ஆபீசர். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! சேதம் 'முழுமையானது' என்று எழுதுவதா, 'பகுதி' என்று எழுதுவதா என்பது அவரது பேனாவில் இருக்கிறது. அந்த ஒரு சொல்லின் விலை லட்ச ரூபாய்க்கும் மேல். 2018 பெருவெள்ளத்துக்குப் பின் கேரளம் இந்தப் பேனாவை அகற்றிவிட்டுக் கைப்பேசிச் செயலியைக் கொண்டுவந்தது. சேதத்தை விழுக்காட்டில் அளந்து, 75 விழுக்காட்டுக்கு மேல் இழந்தோருக்கு ரூ.4 லட்சம் என்றும், அதற்குக் கீழே ரூ.10,000 வரை படிப்படியாகவும் நிர்ணயிக்கப்பட்டது. நல்ல முயற்சிதான். ஆனால், சுவரின் விரிசலை 59 விழுக்காடு என்பதா 60 விழுக்காடு என்பதா என்று பயிற்சி குறைந்த தன்னார்வலர் முடிவு செய்தபோது, முறையீடுகள் குவிந்தன. தகுதியற்றோரின் வங்கிக் கணக்குகளுக்கு வெள்ள நிவாரணப் பணம் சென்றதாக எர்ணாகுளத்தில் 2020-இல் வழக்கும் பதிவாயிற்று. பொறி மாறியதால் பூசாரி மறைந்துவிடவில்லை.

கிராமப்புற வீட்டுவசதித் திட்டத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் இடக்குறியீட்டுடன் புகைப்படம் எடுத்து அனுப்பும் முறை நடைமுறையில் உள்ளது. அதற்கு முந்தைய இந்திரா குடியிருப்புத் திட்டத்தில் தகுதியற்றோருக்கு வீடு ஒதுக்கப்பட்டதையும், வீடுகள் முடிக்கப்படாமல் கிடந்ததையும் தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரியின் 2014-ஆம் ஆண்டு அறிக்கை எடுத்துக்காட்டியது. அந்த வகையில் புகைப்படம் ஒரு முன்னேற்றமே என்பதை மறுப்பதற்கில்லை. இல்லாத வீட்டை இருப்பதாகக் காட்டுவதை அது தடுக்கும். பட்டியலிலேயே ஏறாத குடும்பத்தைப் படம் பிடிக்க அதனால் இயலாது.

பிரச்னையின் வேர் சட்டத்தில் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், நிவாரணத்துக்கான குறைந்தபட்சத் தரங்களைத் தேசிய ஆணையம் பரிந்துரைக்க வேண்டும் என்று 12-ஆவது பிரிவில் கூறுகிறது. தங்குமிடமும், வீட்டுச் சேதத்துக்கான உதவியும் அதில் அடக்கம். பொய்க் கோரிக்கை அளித்து உதவி பெறுபவருக்கு 52-ஆவது பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறை. நிவாரணப் பணத்தையோ பொருளையோ கையாடுபவருக்கும் 53-ஆவது பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறை. ஆனால், கையாடலைக் கண்ட ஒரு குடிமகன் நீதிமன்றத்தை அணுக வேண்டுமானால், 60-ஆவது பிரிவின்படி முப்பது நாள் முன்னறிவிப்பு கொடுத்தாக வேண்டும். அந்த முப்பது நாள்களில் எந்தக் கோப்பு எங்கே போகும் என்பதை வாசகர்களின் ஊகத்துக்கே விட்டுவிடுகிறோம்.

இவை அனைத்திலும் கொடுமையானது 71-ஆவது பிரிவு. இச்சட்டத்தின்கீழ் அதிகாரிகள் எடுக்கும் நடவடிக்கைகள் குறித்து உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் தவிர வேறு எந்த நீதிமன்றமும் விசாரிக்க இயலாது. பேரிடர் நேரத்தில் அதிகாரிகளின் கைகளை வழக்குகள் கட்டிப்போட்டுவிடக் கூடாது என்ற நோக்கம் புரிந்துகொள்ளத்தக்கதே. வெள்ளம் வடிந்தபின்? தன் குடிசை 'பகுதி சேதம்' என்று தவறாக எழுதப்பட்டுவிட்டது என முறையிட விரும்பும் சுபௌல் மாவட்டத்து விதவை ஒருத்தி, பாட்னா உயர் நீதிமன்றம் வரை போக வேண்டும். சில ஆயிரம் ரூபாய் வித்தியாசத்துக்காக அவள் வழக்குரைஞர் அமர்த்துவாளா? மாவட்ட அளவில் சுதந்திரமான முறையீட்டு அமைப்பு எதையும் அச்சட்டம் கட்டாயமாக்கவில்லை. தவறிழைத்த அலுவலகத்துக்கே சென்று, தவறைத் திருத்துமாறு விண்ணப்பிப்பது மட்டுமே அவளுக்குள்ள நடைமுறை வழி.

பணத்துக்குப் பஞ்சம் என்று இனியும் கூறுவதற்கில்லை. 2021-26 காலத்துக்கு மாநிலங்களின் பேரிடர் மேலாண்மைக்கென ரூ.1,60,153 கோடியைப் பரிந்துரைத்த 15-ஆவது நிதிக் குழு, அதில் 30 விழுக்காட்டை மீட்புக்கும் மறுகட்டுமானத்துக்கும் தனியே ஒதுக்கியது. உடனடி நிவாரணம் வேறு, வீட்டை மீண்டும் கட்டித்தருவது வேறு என்பதை ஒப்புக்கொண்ட முக்கியமான மாற்றம் அது. அந்தப் பணத்துக்கான கண்காணிப்பை மட்டும் பழைய பயன்பாட்டுச் சான்றிதழிலேயே விட்டுவைப்பது எப்படிப் பொருந்தும்?

செய்ய வேண்டியவை ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியவை அல்ல. பயனாளிகள் பட்டியலையும், ஒவ்வொருவருக்கும் எழுதப்பட்ட சேத அளவையும் கிராம சபையில் உரக்கப் படித்து, சுவரில் ஒட்ட வேண்டும். அண்டை வீட்டுக்காரருக்குத் தெரியாத வீடு எதுவும் கிராமத்தில் கிடையாது. தவணையை விடுவிக்கும் பொறியாளரின் வேலையை மாநிலத்துக்கு வெளியிலுள்ள ஓர் அமைப்பு மாதிரிச் சோதனை செய்ய வேண்டும். குஜராத்தில் அது முடிந்தது, பிற மாநிலங்களிலும் முடியும். வாடகைதாரரையும் நிலமற்றவரையும் பட்டியலில் சேர்ப்பதற்கான விதியைப் பேரிடர் வந்தபின் ஆலோசிக்காமல், உதவித்தொகை விதிகளிலேயே முன்கூட்டி எழுதிவைக்க வேண்டும். அனைத்துக்கும் மேலாக, மாவட்டந்தோறும் ஓய்வுபெற்ற நீதித்துறை அலுவலர் ஒருவரின் தலைமையில், பேரிடர் நடந்த மூன்று மாதங்களுக்குள் முறையீடுகளை முடித்துவைக்கும் அமைப்பைச் சட்டத் திருத்தத்தின் மூலம் உருவாக்க வேண்டும். தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை வரும்வரை காத்திருந்தால், அது வருவதற்குள் தற்காலிகக் கொட்டகையில் பிறந்த குழந்தை பள்ளிக்குச் செல்லத் தொடங்கியிருக்கும்.

கடைசியாக, எளிதான ஒன்று. இதற்குச் சட்டத் திருத்தமும் தேவையில்லை, நாடாளுமன்ற விவாதமும் தேவையில்லை. மத்திய உள்துறை அமைச்சகத்தின் ஒரு சுற்றறிக்கை போதும். மாநிலங்கள் அனுப்பும் பயன்பாட்டுச் சான்றிதழில் வழங்கப்பட்ட தொகை, செலவிடப்பட்ட தொகை, எஞ்சிய தொகை என்று பத்திகள் உள்ளன. அவற்றோடு மேலும் இரண்டைச் சேர்க்கட்டும்: வீடு முடிந்து ஓராண்டுக்குப் பின் அதில் உரிய குடும்பம் வசிக்கிறதா என்பது ஒன்று, நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்கள் எத்தனை, என்ன காரணத்தால் என்பது மற்றொன்று. அந்த இரு பத்திகளும் நிரப்பப்படாத சான்றிதழைத் திருப்பி அனுப்பட்டும்.